பின்சீட்டில் ஒரு கணக்கு வாத்தியார்

அந்த வெள்ளை வண்டியின் டிக்கியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நீளமான கால்கள். மழைக்குப் பயந்து பேன்ட் முழங்கால் வரை சுருட்டப்பட்டிருந்தது. உள்ளேயிருந்து அளவு நாடா இழுபடும் சத்தம்.

ஷோரூம் மெக்கானிக் என்றுதான் சௌந்தரநாயகி நினைத்தாள். வேறு யார் டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடப்பார்கள்?

"அண்ணே... முன் சீட்டைக் கொஞ்சம் பின்னால தள்ளி விடுறீங்களா? அப்பாவால காலை மடக்கி உக்கார முடியாது."

கால்கள் அசைந்தன. பிறகு முதுகு வந்தது. கடைசியாக முகம் வந்தது. நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருக்க, இரண்டு கண்கள் அவளை வியப்பாகப் பார்த்தன. நல்ல கறுப்பு... திருவாரூருக்கு மேலே காலையிலிருந்து கவிந்து நின்ற ஐப்பசி மேகத்தின் கறுப்பு.

அவன் அளவு நாடாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முன்பக்கம் போனான். சீட்டைத் தள்ளினான். போதுமா என்று கேட்டான். இன்னும் கொஞ்சம் என்றாள் அவள். தள்ளினான். சீட்டின் முதுகைச் சற்றுச் சாய்க்கச் சொன்னாள். அதையும் செய்தான்.

அப்போதுதான் விற்பனையாளர் சேக் தாவூது குடையோடு ஓடி வந்தார். "இளையபெருமாள் சார், நீங்க ஏன் சார் இதெல்லாம் செய்றீங்க... மேடம், சாரும் உங்கள மாதிரி வண்டி பாக்க வந்தவருதான். கீழ்வேளூர் ஸ்கூல்ல கணக்கு வாத்தியாரு."

சௌந்தரநாயகிக்குக் காது மடல்கள் சூடாகின. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் சிரித்துவிட்டான். இன்னும் ஏதாவது தள்ள வேண்டுமா என்று அவன் பணிவாகக் கேட்டதில், கேட்க நினைத்த மன்னிப்பு கோபமாக மாறிவிட்டது.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஓட்டிப் பார்க்க இருந்தது அந்த ஒரு வண்டிதான். மற்றொன்று தஞ்சாவூர் போய் மழையில் மாட்டிக்கொண்டிருந்தது. சேக் தாவூது இருவருக்கும் ஒரே நேரத்தைக் கொடுத்துத் தொலைத்திருந்தார். மதியம் வகுப்பு இருக்கிறது என்றான் இளையபெருமாள். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட அப்பாவை நாகப்பட்டினத்திலிருந்து கூட்டி வந்திருக்கிறேன், இன்னொரு நாள் வர முடியாது என்றாள் சௌந்தரநாயகி. இருவரும் சேக் தாவூதைப் பார்த்தார்கள். கூத்தாநல்லூர்க்காரரான அவர் இதைவிடப் பெரிய சண்டைகளைத் தீர்த்துவைத்தவர். அஞ்சு பேர் உட்கார்ந்து ஓட்டினால்தானே வண்டியின் இழுவை தெரியும், சேர்ந்தே போய்விடலாம் என்று சொல்லிக் கதவைத் திறந்தே விட்டார்.

சௌந்தரநாயகி நாகப்பட்டினத்து மருத்துவமனை ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். விழுந்தவர்களை எழுப்பி நடக்கவைப்பது அவள் வேலை. அப்பாவையும் அவள்தான் நடக்கவைத்தாள். ஆனால் வீட்டுக்குள் மட்டுமே நடந்தார் அவர். பஸ் படி ஏற முடியாது, ஆட்டோவின் குலுக்கல் தாங்காது. ஒரு காலத்தில் விசைப்படகு ஓட்டிக் கடலுக்குள் போய்வந்த மனிதர் ஒரு வருடமாக அக்கரைப்பேட்டை வீட்டு ஜன்னலுக்கு வெளியே உலகம் பார்க்கவில்லை. அதற்காகத்தான் கார். தாழ்வான சீட் கூடாது. பின்னால் வாக்கரை வைக்க டிக்கி வேண்டும். அவள் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும்.

"முதல்ல உக்காருங்கப்பா... காலை அப்புறம் திருப்பலாம். அவசரமில்ல." அவள் அவர் தோளைப் பிடித்து, முழங்காலைத் தாங்கி, மெதுவாக உள்ளே திருப்பினாள். முகம் சுளிக்காமல் உட்கார்ந்துவிட்டார் அப்பா. அவளுக்கு மூச்சு வந்தது.

நிமிர்ந்தபோது, பின்சீட்டிலிருந்து இளையபெருமாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அந்தக் கண்களில் கிண்டல் இல்லை. அவனுக்கு ஒரு பக்கம் சேக் தாவூது, மறு பக்கம் அவன் அம்மா பொன்னுத்தாய். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சீட்டைக் கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

முதலில் ஓட்டியது அவள். கண்ணாடியைச் சரிசெய்தாள். கண்ணாடிக்குள் அந்தக் கறுப்புக் கண்கள் இருந்தன. இன்னும் கொஞ்சம் திருப்பினாள்... அங்கேயும் இருந்தன.

"ரோடு தெரியுதாங்க?" என்றான்.

"நடுவுல நீங்க தலையை வச்சுக்கிட்டிருந்தா எப்படித் தெரியும்?"

பின்சீட்டின் நடுவில் மேடு இருப்பதையும், அதன்மேல் நீளமான கால்கள் உள்ளவன் எப்படி உட்கார வேண்டியிருக்கிறது என்பதையும் அவன் விரிவாக விளக்கினான். தலையைத் தாழ்த்தச் சொன்னாள். தாழ்த்தினான். பொன்னுத்தாய் சிரித்தார். அப்பா கூட மீசைக்குள் சிரித்ததை அவள் பார்த்தாள். அப்பா சிரித்து எத்தனை நாளாயிற்று...

கீழ்வேளூர் சாலையில் மழை சாய்ந்து பெய்தது. இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்து, தண்ணீருக்குள் பச்சை நுனிகள். வேகத்தடையில் வண்டியின் அடி தட்டுகிறதா என்று இளையபெருமாள் காது கொடுத்துக் கேட்டான். ஐந்து பேர் பாரத்தில் ஒரே ஒரு தடையில்தான் தட்டியது. ஏசி போட்டதும் இழுவை குறைகிறது என்றாள் அவள். அவனுக்கு வேண்டியவை வேறு. திருவிடைமருதூரில் கட்டிக்கொடுத்த தங்கை ராமாயியை இரண்டு குழந்தைகளோடு அழைத்து வரவேண்டும். போகும்போது அரிசி மூட்டை இல்லாமல் அனுப்ப அம்மா சம்மதிக்க மாட்டார். அதனால்தான் டிக்கிக்குள் படுத்து அளந்தானாம். எத்தனை மூட்டை என்று கேட்டாள். ரெண்டு மூட்டை, ஒரு வாத்தியார் என்றான்.

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்ன இவன்... ஒரு மணி நேரம் முன்னால் யாரென்றே தெரியாது. இப்போது இந்தச் சாலை இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக்கூடாதா என்று தோன்றுகிறதே...

கீழ்வேளூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தினாள். கண்ணாடிகளில் ஆவி படிந்தது. பேச்சு இல்லாத அந்த நேரத்தில்தான் அப்பா திரும்பாமலேயே கேட்டார், தம்பிக்கு எந்த ஊர் என்று.

வெள்ளத்திடல் என்றான் இளையபெருமாள்.

அப்பாவின் கை கதவுப் பிடியை இறுக்கியது. அவர் மெதுவாகக் கேட்டார். "வெள்ளத்திடல்ல... முருகையன்னு ஒருத்தர்..."

"எங்க அப்பாதாங்க. தவறி ஆறு வருசமாச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்பா பொய் சொல்லிப் பழகாதவர். "அங்க இறால் பண்ணை வச்சிருந்தாங்கல்ல... அதுல நானும் ஒரு பங்குதாரர்."



சௌந்தரநாயகிக்கு அந்தக் கதை அரைகுறையாகத் தெரியும். அவள் பள்ளியில் படித்த காலம். வெள்ளத்திடலில் நிலம் வாங்கிக் குளம் வெட்டி, கடல் தண்ணீரை ஏற்றி இறால் வளர்த்தார்கள் நான்கு பேர். பக்கத்து வயல்களில் உப்பு ஏறியது. அந்த வயல்கள் சாதாரணமாக வந்தவை அல்ல. தலைமுறை தலைமுறையாகப் பண்ணையார் வயலில் கூலிக்கு உழுதவர்களுக்கு, உச்சவரம்புச் சட்டத்தில் பிரித்துக் கொடுக்கப்பட்ட நிலம். கொடி பிடித்து, அடி வாங்கி, பட்டா வாங்கிய நிலம். அதில் நெல் கருகியது. ஒரு விடியற்காலையில் ஊர்க்காரர்கள் குளத்தின் கரையை வெட்டிவிட்டார்கள். வழக்கு, ஜெயில்... கடைசியில் இறால் பண்ணையும் நொடித்து மூடப்பட்டது. அப்பாவின் படகும் அதோடு போனது.

கண்ணாடியில் தெரிந்த இளையபெருமாளின் முகம் கல்லாகியிருந்தது.

"அறுவடை சமயத்துல எங்கப்பா ஜெயில்ல இருந்தாருங்க. நான் ஹாஸ்டல்ல இருந்தேன். லீவுக்கு வந்து பாத்தா வயல் வெள்ளையா இருந்துச்சு. கதிரு வெளுத்திருக்குன்னு நெனச்சேன்... உப்பு." அவன் குரல் உயரவில்லை. "இன்னும் ஒரு மூலையில அப்படியேதான் இருக்கு. நீங்க கார்ல வந்து பாருங்க."

அப்பா தலை குனிந்துகொண்டார். வழுக்கையான அந்தப் பிடரியைப் பார்த்தபோது சௌந்தரநாயகிக்கு நெஞ்சு வலித்தது.

ரயில் போனது. கேட் திறந்தது. இளையபெருமாள் தன் முறைக்கு ஓட்டவில்லை. அங்கேயே இறங்கிக்கொள்கிறோம் என்று சேக் தாவூதிடம் சொல்லிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்து இறக்கினான். மழையில் ஒரே குடைக்குள் இருவரும் நடந்து போனார்கள். பொன்னுத்தாய் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அதன்பிறகு அப்பா காரைப் பற்றிப் பேசவில்லை. அவள் பேசியபோது, வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்தார். நடைப் பயிற்சிக்கும் எழவில்லை. சாப்பாட்டில் பாதி தட்டிலேயே கிடந்தது. அன்று உங்களுக்கும்தானே நஷ்டம், அதை ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். "அவங்க வயலும் என் படகும் ஒண்ணாம்மா?" என்றார் அவர். அவ்வளவுதான்.

அவளுக்கு இளையபெருமாள் மேல் கோபம் வந்தது. அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதால் கோபம் இன்னும் அதிகமானது. அவன் கண்கள் நினைவுக்கு வந்து தொலைத்ததால் அதற்கும் மேலே அதிகமானது. நோயாளியின் காலை மடக்கி நீட்டும்போது வரும். பேருந்தில் ஜன்னலோரம் வரும்... நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டால் இது போய்விடும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை, அப்பாவிடம் சொல்லாமல் கிளம்பினாள்.

மினிபஸ் வெள்ளத்திடல் வரை போகவில்லை. வாய்க்கால் உடைந்து சாலையில் தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். கணக்கு வாத்தியார் வீடு என்றதும் ஊரிலிருந்து தள்ளியிருந்த தெற்குத் தெருவைக் காட்டினார்கள். காட்டிய பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, அங்கேயா போகணும் என்று ஒரு தரம் கேட்டுக்கொண்டார். அங்கேதான் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அவன் வாசலில் நின்று சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் துணி கையிலிருந்து நழுவியது. சேறு படிந்த பாதங்கள், பாதி நனைந்த சுடிதார், மழைத்துளி தொங்கும் இமைகள்... இந்தக் கண்கள் கோபத்திலும் இப்படியா இருக்கும் என்று அவன் நினைத்தது அவளுக்குத் தெரியாது.

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததை அவள் சொன்னாள். அப்பா சாப்பிடுவதில்லை என்று. அவர் படகை விற்று மூன்று வருடம் கூலிக்கு மீன் கூடை தூக்கியதை. ஒரு வருடம் கழித்து வாசல் தாண்டிய மனிதரை ஒரே வார்த்தையில் மறுபடி உள்ளே தள்ளிவிட்டீர்கள் என்று. சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது.

"தப்புதாங்க. அன்னைக்கே அம்மா திட்டுனாங்க. முடியாத மனுசன்கிட்ட அப்படிப் பேசலாமான்னு... வந்து பாக்கணும்னுதான் இருந்தேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வர்றதுன்னு தெரியல."

சத்தம் கேட்டுப் பொன்னுத்தாய் வெளியே வந்தார். முதலில் துண்டு கொடுத்தார். அவள் தலை துவட்டும் வரை ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சும்மா கேட்பதுபோலக் கேட்டார். "அன்னைக்குப் பேரு கேக்காமப் போயிட்டேன். உங்கப்பா பேரு என்ன பாப்பா?"

"காயாரோகணம்."

பொன்னுத்தாய் வாசற்காலைப் பிடித்துக்கொண்டார். மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். சௌந்தரநாயகி பதறி அருகே குனிந்தபோது அவர் அவளுடைய சேற்றுப் பாதங்களைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தார். அது துக்க அழுகையாக இல்லை.

"அந்த நாலு பேருல அவருன்னு தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா அந்த மழையில அவரை அப்படியே விட்டுட்டு வந்திருப்பனா..."

அப்புறம் சொன்னார். கரையை வெட்டிய விடியலில் முருகையனை நேருக்கு நேர் பார்த்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆளைத்தான் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். கரையை வெட்டியது இவன்தானா என்று முருகையனைக் காட்டிக் கேட்டார்கள். அந்த மனிதர் முருகையனை நன்றாகப் பார்த்துவிட்டு, இவர் இல்லை என்று சொல்லிவிட்டார். வழக்கு அங்கேயே படுத்துவிட்டது. மற்றப் பங்குதாரர்கள் சும்மா விடுவார்களா? அவருடைய பங்கை அமுக்கிக்கொண்டு வெளியே தள்ளினார்கள். அவர் பேர் காயாரோகணம்.

"அம்மா, இதை ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?" என்றான் இளையபெருமாள்.

"உங்கப்பா சொல்லக்கூடாதுன்னுட்டாரு. வெளிய தெரிஞ்சா பொய்ச் சாட்சின்னு அந்த மனுசனைப் புடிச்சு உள்ள வச்சிருவாங்க, நம்மளால அவரு கெட வேணாம்னாரு. சாகுற வரைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் கெழக்கப் பாத்து ஒரு கும்பிடு போடுவாரு. அக்கரைப்பேட்டை அந்தப் பக்கம்தானே."

சௌந்தரநாயகி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாலு வார்த்தை கேட்க வந்தவள்... அவளுக்குள் இத்தனை நாள் முறுக்கிக் கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்து, மழைத் தண்ணீர் மாதிரி ஓடியது. அழுகிறோமா சிரிக்கிறோமா என்று தெரியவில்லை. நிமிர்ந்தால் அவனும் அதே நிலையில்தான் நின்றுகொண்டிருந்தான்.

அன்று மாலையே மூவரும் அக்கரைப்பேட்டைக்குப் போனார்கள்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த காயாரோகணம் வாசலில் அவர்களைப் பார்த்ததும் எழ முயன்றார். அதற்குள் பொன்னுத்தாய் உள்ளே வந்து அவர் எதிரில் நின்று கைகூப்பினார். முருகையனின் மனைவி என்று மட்டும் சொன்னார். வேறு சொல்ல வேண்டியிருக்கவில்லை. காயாரோகணம் கூப்பிய அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு எதிர்க் கூண்டுல நின்னாரும்மா," என்றார் கடைசியில். "பயந்து நிக்கல. அந்தக் கரையைக் கட்டுனவன் நான். அதை வெட்ட வேண்டிய நெலைக்கு அவரைக் கொண்டு வந்தவனும் நான். நான் எப்படிம்மா அவரைக் கை காட்டுறது?"

இளையபெருமாள் அவர் காலடியில் உட்கார்ந்தான். தன்னை மன்னிக்கச் சொன்னான். காயாரோகணம் அவன் தலையில் கை வைத்து, நீ சொன்னது அத்தனையும் நிஜம்தானே தம்பி என்றார். பிறகு மகளைத் திரும்பிப் பார்த்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு உண்டா என்று கேட்டார். அன்று பொடிமீன் குழம்போடு அவர் இரண்டாம் முறையும் சோறு வாங்கிக்கொண்டதைச் சௌந்தரநாயகி கண்ணில் நீர் நிற்கப் பார்த்தாள்.

சாப்பிட்டு முடித்துப் பெரியவர்கள் இருவரும் முருகையனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சௌந்தரநாயகி கை கழுவ வெளியே வந்தாள். அவனும் வந்தான். மழை விட்டிருந்தது. கடுவையாற்றில் கட்டிக் கிடந்த படகுகள் மெல்ல ஆடின. மேற்கே ஒரு கீற்று மஞ்சள் வெளிச்சம், அவள் ஈரக் கூந்தலில் வந்து விழுந்தது.

அப்பா கார் வாங்கச் சம்மதித்துவிட்டார் என்று அவள் சொன்னாள். அதே வெள்ளை வண்டிதான். ஏசி போட்டால் இழுவை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. சீட் உயரம் அப்பாவுக்கென்றே அளந்தாற்போல் இருக்கிறது.

"நல்ல வண்டிங்க. வாங்கிடுங்க. நான் சேக் தாவூதுக்கு போன் பண்ணி எனக்கு வேணாம்னு சொல்லிட்டேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. "ஏன்? ரெண்டு மூட்டை அரிசிக்கு இடம் இருக்குன்னீங்களே..."

"இருக்கு."

"அம்மாவுக்கும் புடிச்சிருந்துச்சு."

"ரொம்ப."

"அப்புறம் என்னங்க?"

அவன் ஆற்றைப் பார்த்தான். படகைப் பார்த்தான். பிள்ளைகளுக்கு எத்தனையோ கடினமான கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியவனுக்கு இதைச் சொல்ல வார்த்தை வரவில்லை. அப்புறம் ஒரு வழியாக அவள் கண்களைப் பார்த்தான்.

"ஒரு வீட்டுக்கு எதுக்குங்க ரெண்டு வண்டி?"

சௌந்தரநாயகிக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் காது, கன்னம், கழுத்து என்று எல்லாம் சிவந்தது. துப்பட்டாவின் நுனியைப் பிழிந்தாள்... அதில் ஈரமே இல்லை.

"அவசரமில்ல. யோசிச்சே சொல்லுங்க," என்றான் அவன். குரல் சற்று இறங்கியது. "எங்க தெரு எந்தத் தெருன்னு தெரியும்ல... உங்க ஊருல நாலு பேரு பேசுவாங்க. எங்க ஊருலயும்தான்."

அவள் நிமிர்ந்தாள். இமைகளில் இப்போது மழைத்துளி இல்லை. ஆனாலும் கண்கள் மின்னின.

"தெரியும். செருப்பைக் கையில புடிச்சிக்கிட்டு நடந்துதானே வந்தேன்."

உள்ளே அப்பாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. உரக்க, பழைய படகுக்காரரின் சிரிப்பு. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பியபோது அவன் கை அவள் விரல்களைத் தொட்டது. அவள் விலக்கிக்கொள்ளவில்லை.